புழுப் பங்கீடு

மதிப்பிற்குரிய பேராசிரியர் அருள்மொழி அம்மா அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாலை எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காற்று நன்றாக இருந்தது. சங்கத் தலைவர் பச்சையப்பன் கைவைத்த நாற்காலியில் அமர்ந்து, வழக்கம்போல் கண்ணை மூடியிருந்தார். தரைத்தளத்துக் கமலம் தண்ணீர்த் தொட்டியின் திட்டில். உங்கள் மாணவி ரெனிதா மடிக்கணினியோடு நடுவில். செயலாளர் என்ற முறையில் நான் அவளுக்கு வலப்பக்கம். அன்று அவள் காட்டிய முடிவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திருநின்றவூரில் எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கொரு கறிவேப்பிலைச் செடி தொட்டியில் உண்டு. வண்ணத்துப்பூச்சி ஒரு செடியில் முட்டையிட்டு, பக்கத்துச் செடியை ஏன் விட்டுவிடுகிறது என்று ஆராய வந்தாள் ரெனிதா. செடிகளுக்கு எண் கட்டினாள். சனிக்கிழமைதோறும் இலையைப் புரட்டிப் புழுக்களை எண்ணினாள். செடியை யாரும் தொடக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அதைச் சுற்றறிக்கையாக எழுதி மாடிப்படியில் ஒட்டியவளும் நான்தான்.

ஆரம்பத்தில் புழுவெல்லாம் கமலத்தின் செடியில்தான். ரெனிதாவுக்கு அது சுவாரசியம். கமலத்துக்கு இல்லை.

“இன்னாக்கா இது? எல்லா ஊட்லயும் செடி கீது. புழு மட்டும் என் ஊட்டுக்கே வந்துகினு கீது. ரசத்துல கிள்ளிப் போட ஒரு இலை இல்ல. நீ செகரட்ரிதானே? கேளு.”

“யாரைக் கேக்கறது கமலம்? பட்டாம்பூச்சியையா?”

“யாரையோ கேளு. அடுத்த சனிக்கெழமைக்குள்ள பாரு. இல்லாங்காட்டி செடியப் புடுங்கிக் கடாசிடுவேன்.”

செடியைப் பிடுங்கினால் அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி என்ன ஆவது? யோசித்தேன். கோடையில் தண்ணீர் லாரி வந்தால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று நின்று பிரித்துக் கொடுப்பவள் நான். கீழ்வீடு மேல்வீடு பார்த்ததில்லை. தண்ணீரைப் பங்கிட முடிந்தால் தொல்லையையும் பங்கிடலாம். வெள்ளிக்கிழமை மாலை, கமலத்தின் செடியிலிருந்த புழுக்களை மெல்லிய தூரிகையால் எடுத்து எல்லா வீட்டுச் செடியிலும் சமமாக வைத்தேன். தொட்டதும் அவை தலையிலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாறின. எதிர்ப்பைக் குறித்துக்கொண்டேன், முடிவு மாறவில்லை. பங்கிட்டு மிஞ்சியவற்றைச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். ஒரு வீட்டுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் பேச்சு வரும்.

மறுநாள் ரெனிதா நெற்றியைச் சுருக்கினாள். “ஆன்ட்டி, இவ்ளோ பெரிய புழு இருக்கு. இலையில ஒரு கடிகூட இல்லையே?”

“கூச்ச சுபாவமா இருக்கும்மா” என்றேன்.

சிரித்துவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து நகவெட்டியால் இலை ஓரங்களையும் கொஞ்சம் கொறித்து வைத்தேன். கை பழகினால் வளைவு நன்றாகவே வருகிறது. கமலம் புகார் சொல்வதை நிறுத்தினாள். ஒவ்வொரு வெள்ளியும் தவறாமல் செய்தேன், காய்ச்சலில்கூட விடவில்லை.

ஞாயிறன்று ரெனிதா ஒரு வரைபடத்தைக் காட்டினாள். புழுக் கணக்கில் எல்லாச் செடிக்கும் கோடு ஒரே உயரம்.

“இந்தச் செடிங்க வாசனையிலயே பேசிக்குது ஆன்ட்டி. ஒண்ணு கடிபட்டா, மத்தது ‘என் பக்கம் கொஞ்சம் அனுப்பு’ங்குது. பாரத்தைப் பகிர்ந்துக்குது. இதுவரைக்கும் யாருமே இப்படிப் பார்த்ததில்ல. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. இதை ஏத்துக்கிட்டா எனக்கு டாக்டர் பட்டம். இல்லன்னா அஞ்சு வருஷமும் போச்சு.”

“செடிக்குக் கீற அறிவு இங்க யாருக்குக் கீது?” என்றாள் கமலம், என்னைப் பார்த்து.

தலைவர் கண்ணைத் திறந்து கைதட்டினார்.

பிறகு ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை ரெனிதா வாசித்தாள். கமலத்துக்கு நன்றி. தலைவருக்கு நன்றி. தன்னலமில்லாத செடிகளுக்கு நன்றி. என் பெயரும் கடைசியில் இருந்தது, சுற்றறிக்கை ஒட்டியதற்காக.

அதற்காக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெயருக்கு ஆசைப்படுகிற வயதா எனக்கு? சின்ன ஊர்ப் பள்ளியில் படித்தவள். யார் செய்தது என்பதைப் பளிச்சென்று எழுதிப் பழக்கம், அவ்வளவுதான். ஆகவே எழுதுகிறேன். அந்தச் செடிகள் எதையும் பேசிக்கொள்ளவில்லை. முதல் சில வாரங்களைத் தவிர, அந்த வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு புழுவும் நான் வைத்தது. கமலத்தின் செடியைத் தவிர மற்றவற்றில் கடித்ததெல்லாம் பெரும்பாலும் என் நகவெட்டி. ஆய்வேட்டில் ‘செடிகள்’ என்று வருகிற இடங்களில் ‘செயலாளர்’ என்று திருத்தினால் போதும். மற்றபடி பிள்ளையின் ஆராய்ச்சியில் ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
இ. ஞானகுமாரி,
செயலாளர்

(உறையின் பின்பக்கம்)

ஒட்டிய பிறகு ஞாபகம் வந்தது. தபால் நிலைய மேசையில் வைத்து எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போட்டால் புதன்கிழமையே உங்கள் கைக்கு வந்துவிடுமாம். ரெனிதாவிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். தேர்வில் எல்லோர் முன்னிலையிலும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை சந்தோஷப்படுவாள்.