வண்டியில் ஓர் ஆள் இடம்

இரவு பத்தரை மணி. திருவொற்றியூர் தாண்டி மணலிக்குப் போகிற சாலை... இப்போது போகிற சாலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது நாற்பத்து மூன்றாம் வருடம், யுத்த காலம். ஊரெங்கும் விளக்கணைப்பு. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் பனைமரம். அமாவாசைக்கு மறுநாள். தன் கையைத் தானே தடவிப் பார்த்தால்தான் கை இருப்பது தெரியும்.

அந்தச் சாலையில் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தவர் கிருஷ்ணப்பன். நம்ம குணசேகரனுக்குத் தாய்மாமன். குணசேகரன் இதோ என் பக்கத்தில்தான் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் அவன் என் தலையில் குட்டலாம்.

கிருஷ்ணப்பன் ராயபுரத்தில் படகுப் பட்டறைத் தச்சர். பெண்சாதி பொன்னேரிப் பக்கம் தகப்பன் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை வேலை விட்டதும் நடையைக் கட்டினால் விடியும்போது போய்ச் சேரலாம். ஆனால் ஒரு வருடமாக அவர் இந்தச் சாலையில் கால் வைக்கவில்லை. சுற்றுவழியாகத்தான் போவார். ஏனென்று கேட்டால் உப்பளக் காற்று ஆகாது என்பார். அன்றைக்குச் சுற்றுவழியில் மழைத் தண்ணீர் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் வந்தார்.

அவர் இந்தச் சாலையை ஒதுக்கினதற்குக் காரணம் லியோனார்ட்.

லியோனார்ட் அவருடைய ரம்பக் கூட்டாளி. பெரிய மரத்தைச் சாரத்தில் ஏற்றி அறுக்கும்போது மேலே ஒருவன் நிற்பான், கீழே ஒருவன் நிற்பான். இவன் இழுக்க அவன் விடணும், அவன் இழுக்க இவன் விடணும். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கையெடுக்கிறவன் "வுட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும். சொல்லாமல் எடுத்தால் மற்றவன் கை போய்விடும். பதினோரு வருடம் இரண்டு பேரும் ஒரே ரம்பத்தில் நின்றார்கள். கிருஷ்ணப்பன் ஒரு நாளும் சொல்லாமல் கையெடுத்தது கிடையாது.

லியோனார்டைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், அவனுக்கு உலகமே பெண்சாதி சிலுவையம்மாளும் பிள்ளைகளும்தான். சாராயக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டான். பட்டறையில் மீந்த துண்டு மரமெல்லாம் இரவில் அவன் வீட்டில் ஏதாவது ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும். கட்டில் அவன் செய்தது, தொட்டில் அவன் செய்தது. மூத்த பெண் எட்டாத ஜன்னலில் வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டாள் என்று இரண்டு படி வைத்து ஒரு முக்காலி செய்தான். மற்ற தச்சர்கள் அவனைக் கிண்டல் பண்ணுவார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

நாற்பத்திரண்டு சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே காலியானது உங்களுக்குத் தெரியும். ரயிலில் ஏற வழியில்லை. மாட்டுவண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. சிலுவையம்மாள் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். நடக்கத் தெம்பில்லை. மீஞ்சூரில் அவள் அக்காள் வீடு இருந்தது, ஆனால் போவது எப்படி? அப்போது பட்டணத்திலேயே இருந்த கிருஷ்ணப்பனின் மாமனாருக்கு ஒரு வண்டி இருந்தது. விடியற்காலையில் வண்டியோடு வந்து அவர்களையும் ஏற்றிக்கொள்கிறேன் என்று கிருஷ்ணப்பன், லியோனார்டின் கையைப் பிடித்துச் சொன்னார்.

வரவில்லை.

லியோனார்ட் பொழுது சாயும்வரை வாசலிலேயே நின்றான். பிறகு கட்டிலைப் பிரித்தான். தொட்டிலைப் பிரித்தான். பட்டறையில் கிடந்த இரண்டு பழைய சக்கரத்தைக் கொண்டுவந்து ஒரே இரவில் ஒரு கைவண்டி செய்தான். அச்சுக்கு மசகு போடக்கூட நேரமில்லை. ஒரு சக்கரத்தில் இரும்புப் பட்டை கொஞ்சம் பெயர்ந்திருந்தது. பெண்சாதி பிள்ளைகளை ஏற்றி, பதினைந்து மைல் தானே இழுத்துக்கொண்டு போனான். மீஞ்சூரில் அக்காள் வீட்டு வாசலில் அவர்களை இறக்கினான். தண்ணீர் கேட்டான். சொம்பு வருவதற்குள் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவன்... அவ்வளவுதான்.

வண்டியின் அச்சு முறிந்துவிட்டது, அதனால்தான் வரமுடியவில்லை என்று கிருஷ்ணப்பன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது சாலைக்கு வாருங்கள். கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் ஒரு மேடு. கிருஷ்ணப்பன் அங்கே வரும்போது முன்னால் ஒரு சத்தம் கேட்டது.

கிரீச்... டக்.

கிரீச்... டக்.

யாரோ கைவண்டி இழுக்கிறார்கள். மேட்டில் ஏறமுடியாமல் திணறுகிறது. வழியில் போகிறவன் செய்கிற உதவிதானே... அவர் பின்னால் போய் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினார். வண்டியை மூடியிருந்த படுதாவுக்குள்ளே குழந்தை ஒன்று தூக்கத்தில் மூச்சு விடுகிறது. பால் மணம். அதோடு இன்னொரு மணம்... அப்போதுதான் இழைத்த தேக்கு.

"யாருன்னு தெர்ல. நல்லா இரு நைனா," என்றது முன்னாலிருந்து ஒரு குரல்.

கிருஷ்ணப்பனுக்கு அது யாரென்று தெரிந்துவிட்டது. பதினோரு வருடம் கேட்ட குரல். கையை எடுக்கலாமென்றால் கை வரவில்லை. பேசினால் தன் குரல் தெரிந்துவிடுமே என்று "ம்" என்று மட்டும் முனகினார்.

வண்டி பாலத்தில் ஏறியது. இழுக்கிறவன் திரும்பிப் பார்க்கவில்லை. வழித்துணை கிடைத்த மாதிரி பேசிக்கொண்டே போனான். மெதுவாகத்தான் போகமுடியும், வழியில் ஓர் ஆளைத் தேடிக்கொண்டே போகிறேன் என்றான்.

"கிஷ்ணப்பன்னு நம்ம தோஸ்து. வண்டி இட்டுகினு வரேன்னான். வர்ல. சொல்லாம போறவன் இல்ல நைனா, பதினோரு வருசம் எங்கூட ரம்பம் இழுத்தவன். எங்கியோ அடிபட்டுக் கெடக்கறான். அதான், கண்ணுல பட்டா ஏத்திக்கலாம்னு வண்டில ஒரு ஆளு எடம் வுட்டு வெச்சிகீறேன்."

கிருஷ்ணப்பன் படுதாவைப் பார்த்தார். இருட்டுக்குக் கண் பழகியிருந்தது. ஒரு பக்கம் மேடாக இருந்தது. இன்னொரு பக்கம் காலி. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற காலி.

செத்தும் இவன் நம்மைத்தானே தேடுகிறான் என்று அவருக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. பயம்கூட அப்புறம்தான். வெட்கம்தான் முதலில் வந்தது. இன்னும் ஒரு அடி அந்த வண்டியைத் தள்ள அவரால் ஆகவில்லை.

"லியோனார்டு... நான்தான். அச்சு ஒடையல. மாமனார் வூட்டுப் பித்தள அண்டால்லாம் வண்டி நெறைய ஏத்திட்டாரு. அத்த எறக்கச் சொல்ல எனக்கு வாய் வர்ல. சொல்லாம போய்ட்டேன்."

சக்கரம் நின்றது.

கால்வாயில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் நின்றன. படுதாவுக்குள் கேட்ட மூச்சும் நின்றது. முன்னாலிருந்து ஒரு சொல் மட்டும் வந்தது. இதுவரை பேசிய குரல் இல்லை. யாரையும் தெரியாதவன் குரல்.

"ஏறு."

கிருஷ்ணப்பன் ஓடினார். உப்பளத்தில் விழுந்து, எழுந்து, திசை தெரியாமல் ஓடினார். விடியும்போது நின்ற இடம் மீஞ்சூர். எந்த வாசலை மிதிக்கக் கூடாதென்று ஒரு வருடம் ஒளிந்தாரோ, அந்த வாசல். சிலுவையம்மாள் கோலமில்லாத வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சொம்பு எடுத்து வந்தாள். தண்ணீர் கொடுத்தாள். சனிக்கிழமை தவறாமல் ராத்திரியில் அந்த வண்டி வந்து வாசலில் நிற்குமாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகுமாம். அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவாளாம். நேற்று வரவில்லை என்றாள்.

கிருஷ்ணப்பன் அவள் காலடியில் உட்கார்ந்து, அச்சு உடையாததையும் அண்டா ஏற்றினதையும் சொன்னார்.

"எனக்குத் தெரியும்ணா," என்றாள் சிலுவையம்மாள். "கொயந்தைக்குப் பால் குடுத்துகினு ஜன்னலாண்ட ஒக்காந்திருந்தேன். அண்டாவ ஏத்திகினு ஒங்க வண்டி தெருமொனையில திரும்பிப் போச்சு. அவராண்ட சொல்லல. சொல்லியிருந்தா அந்த வண்டிய அவரால ஒரு அடி இழுத்திருக்க முடியாது. ஒன்னிய நம்பிகினே போய்ச் சேர்ந்தாரு. அது போதும்னு இருந்தேன்." அவர் குடித்து வைத்த சொம்பைக் கையில் எடுத்தாள். "நீ அவராண்ட சொல்லிட்டியா?"

கிருஷ்ணப்பன் ஆமென்று தலையசைத்தார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வாசலுக்கு வண்டி வரவேயில்லை. கணவனை இரண்டாம் முறையும் பறிகொடுத்ததாகத்தான் அவள் சாகும்வரை சொல்லுவாளாம்.

வண்டி எங்கே போயிற்று? ராயபுரத்துக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை கிருஷ்ணப்பனின் வீட்டு வாசலில். கிரீச்... டக். நிற்கும். ஓர் ஆள் எழுந்து வந்து ஏறுகிற நேரம் நிற்கும். பிறகு போய்விடும். பெண்சாதி பொன்னேரியிலிருந்து திரும்பி வந்த பிறகு அவளும் கேட்டாள். வீடு மாற்றிப் பார்த்தார்கள். யானைக்கவுனிக்குப் போனார்கள், அங்கேயும் வந்தது. திரும்ப ராயபுரத்துக்கே வந்துவிட்டார்கள். எட்டு வருடம். கிருஷ்ணப்பன் சனிக்கிழமைகளில் பெண்சாதியின் முந்தானையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுப்பார்.

ஐம்பத்தொன்று ஐப்பசி. மழை விட்டுத் தெருமணல் ஊறிக் கிடந்தது. வண்டி வந்தது. நின்றது. அன்றைக்கு ரொம்ப நேரம் நின்றது. அவர் பெண்சாதி, நம்ம குணசேகரனுக்கு அத்தை, கண்ணை இறுக மூடிக்கொண்டு போகட்டும், போகட்டும் என்று கிடந்தாள். கடைசியில் கிளம்பியது. கிரீச் இருந்தது, டக் இல்லை. மணலில் புதைந்து புதைந்து, முக்கி முனகிப் போயிற்று. அத்தை கையை நீட்டிப் பக்கத்துப் பாயைத் தடவினாள். பாய் சூடாக இருந்தது. ஆள் இல்லை. முந்தானை முடிச்சு அவிழாமல் வெறும் வளையமாகக் கிடந்தது.

கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. விடிந்ததும் குணசேகரனின் அப்பாதான் முதலில் தெருவில் இறங்கிப் பார்த்தவர். ஈரமணலில் சக்கரத் தடம் இரண்டு ஜோடி. வந்த தடம் மேலோடு கீறின மாதிரி இருந்தது. போன தடம் நாலு விரல் ஆழம்.