தோட்டாவுக்குப் பஞ்சம்

கிருபானந்தன்: ...அதைத்தான் சொல்லுறன், மலர். இனிக் கிடையாது. வாற வருசம் மருந்துக்கும் கிடையாது.

சிவமலர்: என்ன கிடையாது? விளக்கமாச் சொல்லுங்கோ. கத்தரிக்காயோ?

கிருபானந்தன்: தோட்டா! என்ரை துவக்குக்குப் போடுற முந்நூற்றெட்டாம் அளவுத் தோட்டா. உலகம் முழுக்கத் தட்டுப்பாடு.

சிவமலர்: அட... நான் அரிசிதான் முடிஞ்சுதாக்கும் எண்டு பயந்திட்டன்.

கிருபானந்தன்: பகிடி விடாதையும். சனிக்கிழமை நான் மான் வேட்டைக்குப் போகேலாது. சம்பந்திக்கு நீரே போன் அடிச்சுச் சொல்லும்.

சிவமலர்: நான் சொல்லமாட்டன். எங்கடை தாட்சாயினியைக் கட்டப்போற பெடியன்ரை தகப்பன். மனுசன் ஆசையாத் தன்ரை காட்டுக் குடிலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். பிள்ளை வேறை, "எங்கடை அப்பா வருசத்துக்கு ஒரு மான் விழுத்துவார்" எண்டு அங்கை சொல்லிவைச்சிருக்கு.

கிருபானந்தன்: அவளை ஆர் சொல்லச் சொன்னது?

சிவமலர்: ஆறு வருசமா அவளுக்குச் சொன்னது ஆர்? கலியாணத்துக்கு முதலே "தகப்பன் புளுகன்" எண்டு பேர் எடுத்தா, அவள் அந்த வீட்டிலை எந்த முகத்தோடை போய் இருக்கிறது?

கிருபானந்தன்: அதுக்கு நான் என்ன செய்ய? உக்ரேன் சண்டையோடை தொழிற்சாலையள் எல்லாம் ஆமிக்குத்தான் அடிச்சுக் குடுக்குதுகள். எங்களை மாதிரி வேட்டைக்காரருக்கு ஆர் செய்து தாறது?

சிவமலர்: எங்களை மாதிரி வேட்டைக்காரர்... ம்ம்.

கிருபானந்தன்: என்ன ம்ம்?

சிவமலர்: ஒண்டுமில்லை. நீங்கள் சொல்லுங்கோ.

கிருபானந்தன்: பித்தளை விலை ஏறிட்டுது. செம்பு விலை ஏறிட்டுது. முப்பது டொலருக்கு வாங்கின பெட்டி இப்ப ஐம்பது. அடுத்த வருசம் நூறு. பேந்து காசு குடுத்தாலும் இல்லை. துறைமுகத்திலை வேலை செய்யிற எனக்குத் தெரியாதே, என்ன வருகுது, என்ன வரேல்லை எண்டு?

சிவமலர்: நீங்கள் பார்க்கிறது வாழைப்பழக் கொண்டெய்னர் எல்லோ?

கிருபானந்தன்: ...வாழைப்பழக்காரரும் ஊர் உலகம் கதைக்கினம் தானே.

சிவமலர்: விலை ஏறினது உண்மை. ஆனா கிடையாமப் போகாது. காட்டுக்குப் போறவன் எவனைக் கேட்டாலும் அந்த அளவுதான் வைச்சிருக்கிறான். அவ்வளவு பேர் வாங்குற சாமானை எந்தக் கொம்பனி செய்யாம விடும்? ஆரும் தேடாத அளவுகள்தான் முதல்லை கடையிலை இல்லாமப் போகும்.

கிருபானந்தன்: ...இதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?

சிவமலர்: கடையிலை கேட்டனான். மான் காலம் கிட்ட வந்தா விலையை ஏத்துவினம். பனி கரையேக்கை வாங்கினா மலிவு. பதட்டப்பட்டு அள்ளுறதுதான் ஆகக் கூடாதாம்.

கிருபானந்தன்: கடையிலை கேட்டனீரோ! எந்தக் கடையிலை?

சிவமலர்: அதை விடுங்கோ. அடுத்த சாட்டைச் சொல்லுங்கோ.

கிருபானந்தன்: சாட்டோ! நான் என்ன... இப்ப சஷ்டி விரதம் எல்லோ? உயிரைக் கொல்லலாமோ?

சிவமலர்: சூரன்போர் முடிஞ்சு ஒரு கிழமையாச்சு. விரதம் பிடிச்சதும் நான். நீங்கள் ஆறு நாளும் ஒளிச்சு ஒளிச்சுக் கொத்துரொட்டி.

கிருபானந்தன்: அது எப்பிடி உமக்கு...

சிவமலர்: உங்கடை ஜக்கற் மணத்தது. சரி, பழைய பெட்டியிலை மிச்சம் ஒண்டும் இல்லையோ?

கிருபானந்தன்: ஒண்டும் இல்லை. காலி. ஆறு மான் எல்லே சுட்டனான்!

சிவமலர்: ஆறு மான்.

கிருபானந்தன்: ஓம்.

சிவமலர்: ஆறும் தோல் உரிச்சு, எலும்பு எடுத்து, ஒரே அளவாத் துண்டு போட்டு... காட்டுக்குள்ளை ஓடேக்கையே அப்பிடித்தான் ஓடினதுகளோ?

கிருபானந்தன்: நான் வெட்டினனான்!

சிவமலர்: வெங்காயத்தையே நாலு விதமா வெட்டுற ஆள். இஞ்சேருங்கோ. ஜான்-டலோன் சந்தையிலை இறைச்சி விக்கிற மனிசி என்னைக் கண்டா என்ன கேக்கிறவ தெரியுமே? "உங்கடை மிஸ்ஸியூ இந்த வருசமும் மான் தொடை எடுப்பாரோ, வேறை ஆளுக்குக் குடுக்கட்டோ" எண்டு.

கிருபானந்தன்: ...எப்ப இருந்து தெரியும்?

சிவமலர்: ரெண்டாவது மானிலை இருந்து.

கிருபானந்தன்: அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?

சிவமலர்: கறி நல்லா இருந்தது... இல்லையப்பா, பகிடிக்கு. அந்தக் கதை சொல்லேக்கை உங்கடை முகத்திலை ஒரு சந்தோசம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை. வருசா வருசம் வேட்டையெண்டு போற அந்த மூண்டு நாளும் எங்கை போய் இருக்கிறனீங்கள்?

கிருபானந்தன்: லாவாலிலை. நீக்கிலாப்பிள்ளை அண்ணை வீட்டு பேஸ்மென்றிலை. ஹொக்கி பார்த்துக்கொண்டு.

சிவமலர்: ஒரு நாள் கூடக் காட்டுக்குப் போகேல்லையோ?

கிருபானந்தன்: முதல் வருசம் போனனான். சத்தியமாப் போனனான், மலர். மான் வந்தது. முன்னாலை அப்பிடியே நிண்டது. வெடி வைச்சன்...

சிவமலர்: பிழைச்சுப் போச்சோ?

கிருபானந்தன்: எங்கை போச்செண்டு ஆருக்குத் தெரியும்? சத்தம் கேட்டவுடனை நான் குப்புறப் படுத்திட்டன்.

சிவமலர்: நீங்கள் வைச்ச வெடிக்கோ?

கிருபானந்தன்: நான் வைச்ச வெடிக்குத்தான்! காதைப் பொத்தி, வாயைத் திறந்து, முழங்கையை ஊண்டி... அந்த நாளிலை ஊரிலை ஷெல் அடிக்கேக்கை படுத்த மாதிரியே. பனிக்குள்ளை அரை மணித்தியாலம் கிடந்தன். அடுத்தது எங்கை விழப்போகுதோ எண்டு பார்த்துக்கொண்டு கிடந்தன், மலர். நரி ஒண்டு வந்து என்னைப் பார்த்திட்டுப் போனது.

சிவமலர்: ஐயோ...

கிருபானந்தன்: சிரிக்கிறீரோ, அழுகிறீரோ?

சிவமலர்: ரெண்டும்தான்.

கிருபானந்தன்: வெக்கமாக் கிடக்கு. முப்பது வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன், அந்தச் சத்தம் இன்னும் என்னை விடேல்லை. சம்பந்திக்கு முன்னாலை நான் படுத்தா, பிள்ளை தலைகுனிஞ்சு போவாள். அதுதான் தோட்டா இல்லை எண்டனான். பெட்டியிலை இருபதிலை பத்தொன்பது அப்பிடியே கிடக்கு.

சிவமலர்: இல்லை. கிடக்காது.

கிருபானந்தன்: என்னது?

சிவமலர்: அது வைகாசியிலேயே முடிஞ்சுது. பேந்து நாலு பெட்டி வாங்கியாச்சு.

கிருபானந்தன்: ஆர் வாங்கினது? துவக்குப் பெட்டித் திறப்பை நான் பிள்ளையார் படத்துக்குப் பின்னாலை எல்லோ...

சிவமலர்: பிள்ளையாருக்கு ஒவ்வொரு நாளும் பூ வைக்கிறது ஆர்?

கிருபானந்தன்: நில்லும், நில்லும்... லைசன்ஸ் இல்லாம உமக்கு ஆரும் தோட்டா விக்கமாட்டினம். லைசன்சுக்குப் புருசன்ரை கையெழுத்தும் கேப்பினமே!

சிவமலர்: நீங்கள் வாசிக்காமக் கையெழுத்து வைச்ச கடதாசியளிலை அதுவும் ஒண்டு.

கிருபானந்தன்: அப்ப வியாழக்கிழமையிலை நீர் போனது ஃப்ரெஞ்சு வகுப்புக்கு இல்லையோ?

சிவமலர்: சுடப் படிப்பிச்சது முழுக்க ஃப்ரெஞ்சிலைதான்.

கிருபானந்தன்: ஏன் மலர்... எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம...

சிவமலர்: சம்பந்தி வேட்டைக்காரர் எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே, இப்பிடி ஒரு சனிக்கிழமை வரும் எண்டு எனக்குத் தெரியும். முதல் நாள் காதை மூடிக்கொண்டும், வெடி கேட்டவுடனை நானும் சீமெந்திலை குப்புறத்தான் கிடந்தன். படிப்பிக்கிறவன் பயந்து அம்புலன்சுக்கு அடிக்கப் போயிட்டான். ரெண்டாம் கிழமை முழங்காலிலை நிண்டன். மூண்டாம் கிழமைதான் நிமிர்ந்தனான். எனக்கே அப்பிடியெண்டா நீங்களும் படுப்பீங்கள் எண்டு அப்பவே விளங்கிட்டுது. சனிக்கிழமை நான் சுடுறன், நீங்கள் வடிவாப் படுங்கோ. ஒராள் சுட மற்ற ஆள் நிலத்தோடை படுத்துக் கிடக்கிறதுதான் யாழ்ப்பாணத்து வேட்டை முறை எண்டு போன கிழமையே சம்பந்தியிட்டைச் சொல்லிப்போட்டன். மனுசன் தானும் படுத்துப் பழகுறாராம்.