இருபத்தேழாம் இலக்கத்துக்காகக் காத்திருந்த வலைப்பூ

மேடையின் நடுக்கதிரையில் அதிபர் கனிசியஸ் அவர்கள் அமர்ந்திருக்க, வலப்புறத்தில் மாலை சூடிய தாங்களும் இடப்புறத்தில் பிரதி அதிபர் அற்புதராணி அவர்களும் வீற்றிருக்க, முன்வாங்குகளில் ஆசிரியர் குழாமும், அதன் பின்னே பெற்றோரும், சன்னலோரப் பாயில் மாணவச் செல்வங்களும், இடம் போதாமல் வாசற்படியில் பழைய மாணவரும் குழுமியிருக்க, கரவெட்டி மண்ணின் இப்பள்ளியில் முப்பத்துமூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்து இன்று ஓய்வுபெறும் ஆசிரியை திருமதி பியாட்றிஸ் செபநாயகம் அவர்களுக்கு வாசித்தளிக்கும் மடல் இது.

கன்னித் தமிழைக் கணினித் திரைக்குக் கைபிடித்து அழைத்துவந்தவரே! சிவப்புப் பேனாவைப் பிள்ளையின் மனம் சிராய்க்காமற் பிடிக்கத் தெரிந்த சீராளரே! இடம்பெயர்ந்து மரநிழலில் வகுப்பு நடந்த நாட்களிலும் வரவு இடாப்பைப் பையில் சுமந்து, வந்த பிள்ளையை வந்ததென்றும் வராத பிள்ளையை வரவில்லையென்றும் எழுதிய வாய்மையே! தங்கள் பண்புகளை அடுக்கப் புகுந்தால் இம்மடலுக்குச் சட்டம் போட ஊரில் கண்ணாடி கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் சொல்கிறோம். அதைத் தங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் "காணும், போதும், இருங்கோ" என்பீர்கள். ஆகவே சபையைப் பார்த்துச் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு, தரம் பத்தின் எழுத்தாக்க வகுப்புக்கு ஒரு வலைப்பூ வேண்டுமென்று ஆசிரியை முடிவெடுத்தார். பிள்ளைகள் எழுதுவதை ஒருவர் மட்டும் வாசித்துப் புள்ளி போட்டு மூடிவைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கணினி ஆசிரியர் கொலின்ஸ் பக்கத்தை வடிவமைத்துக் காட்டினார். நாவற்பழ நிறப் பின்னணி. அதன்மேல் மின்னி மின்னி விழும் நட்சத்திரங்கள்.

"தம்பி, இதென்ன கலியாண அழைப்பிதழோ? எழுத்தைக் காணேல்லை."

"பிள்ளையளுக்கு வடிவாய் இருக்குமெண்டு போட்டனான், ரீச்சர்."

"வெயிலுக்கை கொண்டுபோய்ப் பாப்பம், வாரும்."

உச்சிவெயிலில் முற்றத்தின் நடுவே நின்று இருவரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். தோட்டத்திலும் சந்தையிலும் நிற்கும் பெற்றோர் அப்படித்தானே வாசிப்பர்? நட்சத்திரம் இருக்கட்டும், ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. அன்றே பின்னணி வெள்ளையானது, எழுத்து பெரிதானது. முகப்புப் படத்துக்குப் பதிலாக இருபத்தேழு பிள்ளைகளின் பெயர்கள் இடாப்பு ஒழுங்கில் வந்தன. ஆக்கங்களும் அதே ஒழுங்கில் நிற்கவேண்டுமென்றார் ஆசிரியை.

அங்கேதான் சிக்கல். வலைப்பூவில் கடைசியாகப் போட்டதே மேலே நிற்கும். முதற்பிள்ளை மேலே வரவேண்டுமானால் இருபத்தேழாம் பிள்ளை முதலில் போடவேண்டும். இருபத்தேழாம் பிள்ளை ஜெயனி, ஆண்டின் நடுவில் குருநகரிலிருந்து வந்து சேர்ந்தவள். அவளோ ஒரு வரியும் எழுதவில்லை. பதினொரு பள்ளி நாட்கள் இருபத்தாறு ஆக்கங்கள் காத்துக் கிடந்தன. திறப்புவிழா வெள்ளிக்கிழமை.

"கடைசியாய் பஸ்ஸிலை ஏறினவா வாசலை மறிச்சுக்கொண்டு நிக்கிறா, ரீச்சர்!" என்றான் யதுசன். வகுப்பு சிரித்தது, ஜெயனி சிரிக்கவில்லை.

கொலின்ஸ் இரக்கப்பட்டு வழி சொன்னார். "திகதியை மாத்திவிடலாம், ரீச்சர். ஒரு தட்டுத்தான். ஒழுங்கு தானாய் வரும்."

"பொய்த் திகதியோ? இடம்பெயர்ந்து ஓடித்திரிஞ்ச காலத்திலையும் நான் அதைப் போடேல்லை, தம்பி."

அன்று கடைசிப் பாடம் முடிந்ததும் ஆசிரியை ஜெயனியின் வாங்கிலே போய் அமர்ந்தார். "ஏன் பிள்ளை, எழுத விருப்பமில்லையோ?"

"விருப்பம். போட்டா, ஆர் எழுதித் தந்ததெண்டு கேப்பினம்."

முன்பு படித்த பள்ளியில், அவளது கட்டுரையை வகுப்புக்கு முன் தூக்கிப் பிடித்து ஓர் ஆசிரியர் அப்படித்தான் கேட்டிருந்தார்.

"நான் நம்புறன், ஜெயனி."

"நீங்கள் மட்டும் நம்பினாக் காணாது, ரீச்சர்."

சுருக்கென்று பட்டது ஆசிரியைக்கு. ஆனால் பிள்ளை சொன்னது நியாயம் என்பதும் உடனே பட்டது. "அப்ப, திறப்புவிழாவிலை எல்லாருக்கும் முன்னாலை இருந்து எழுதுவியோ?"

ஜெயனி சொன்னாள்: "தலைப்பையும் அவையளே தரட்டும்."

அதிபர் கேட்டுத் திடுக்கிட்டார். "வலயக் கல்வி அலுவலகத்திலையிருந்து ஆக்கள் வருகினம், ரீச்சர். பிள்ளை ஒண்டும் எழுதாமல் முழுசிக்கொண்டு இருந்தா?"

"நானும் பக்கத்திலை நிண்டு முழுசுறன், சேர்."

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பெரிய திரை வெறுமையாகத் தொங்கியது. தலைப்புக் கேட்டபோது பின்வரிசைத் தாய் ஒருவர், "குடை!" என்றார். ஜெயனி விசைப்பலகையில் கை வைத்தாள். ஆசிரியை சொன்னபடியே அருகில் நின்றார். ஆனால் திரையைப் பார்க்கவில்லை. சபையின் முகங்களைப் பார்த்தார். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. முகங்களில் ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளையை இரண்டாந்தரமும் சபையில் நிறுத்திவிட்டேனோ என்று நினைத்தார்.

அப்போது முகங்கள் மாறின. ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்தார்கள். திரையில் இருந்தது இது: "எங்கள் வீட்டில் குடை ஒன்று, ஆட்கள் நால்வர். இன்றைக்கு நனைவது யார் என்பதை மழைக்கு முதலே தீர்மானித்துவிடுவோம்."

"ஐயோ பிள்ளை, எங்கடை வீட்டிலையும் உப்பிடித்தான்!" என்றார் அந்தத் தாய். மண்டபம் சிரித்து, உடனே அடங்கியது, அடுத்த வரி வந்துகொண்டிருந்தபடியால். எழுதினாள், அழித்தாள், ஒரு சொல்லுக்காக நின்றாள், வேறொன்று வைத்தாள். முப்பத்தெட்டு நிமிடங்கள் எவரும் எழும்பவில்லை. யதுசன் வாய் திறந்தபடி திரையைப் பார்த்திருந்தான். வலயத்து அதிகாரி தேநீரைத் தொடவில்லை.

ஜெயனி தன் கையாலேயே வெளியிட்டாள். அதன் பின்னரே மற்ற இருபத்தாறும் ஒவ்வொன்றாக மேலேறின. அற்புதராணி அவர்கள் எங்களிடம் தணிந்த குரலில் சொன்னார்: "முப்பது வருசம் கட்டுரை திருத்தினனான். ஒண்டு பிறக்கிறதை இண்டைக்குத்தான் கண்டனான்."

அம்மையே! பாடம் நடத்துவோர் பலர். ஒரு பிள்ளையின் சொல் நிலைப்பதற்காகத் தன் பெயரைச் சபையில் பணயம் வைத்தவரை நாம் தங்களிலேயே கண்டோம், கண்டு வியந்தோம், வியப்பு இன்னும் தீரவில்லை. கண் தெளிவாய், கை உறுதியாய், நினைத்த இடத்துக்கு நடந்து போகும் கால்வலிமையோடு தாங்கள் பல்லாண்டு நிறைவாய் இருக்க ஆண்டவரை வேண்டுகிறோம்.

அந்த வெள்ளியின் மிச்சத்தையும் சொல்லிவிட்டு அமர்கிறோம். பின்னேரம் ஆசிரியை அந்த ஆக்கத்தை அச்செடுத்து, எழுதிய திகதியும், தொடங்கிய நேரமும், பார்த்திருந்தோர் தொகையும் குறித்து, ஜெயனியின் முந்திய பள்ளியில் அப்படிக் கேட்ட ஆசிரியருக்கு நாலு வரியில் மரியாதையான கடிதம் ஒன்று எழுதினார். எழுதிவிட்டு ஜெயனியிடம் நீட்டினார்.

"அனுப்பட்டோ? வேண்டாமெண்டாக் கிழிப்பம்."

பிள்ளை இரண்டு தரம் வாசித்தாள். "அனுப்புங்கோ, ரீச்சர். ஆனா நான்தான் ஒட்டுவன்."

உறையின் ஓரத்தை நாவால் நனைத்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். இருவருமாகக் கரவெட்டித் தபாற்கந்தோருக்கு நடந்து போய், பதிவுத் தபாலில் அதை அனுப்பினார்கள்.

தங்களோடு பணிசெய்த பேறு பெற்ற,
ஆசிரியர்களும் அலுவலர்களும்