செவலைப் பசு கிழித்த புல்லும் பெரியமுத்து ஐயா திருப்பிக் கொடுத்த கோப்பையும்

மாட்டுப்பட்டிச் சாலைக்கு மேலே, மழையும் மஞ்சும் மாறி மாறி ஆளும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தோராண்டுகள் பேனா பிடித்த பெருந்தகையே! கணக்கில் கண்டிப்பும் கண்ணில் கனிவும் கொண்டு இன்று ஓய்வு பெறும் தலைமைக் கிளார்க்கே! கோப்புகளை மூடிய கையோடு கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு சரிவிறங்கிய குதூகலரே! எங்கள் பெருமதிப்பிற்குரிய பெரியமுத்து ஐயா அவர்களே! வணக்கம்!

விளிகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். ஐயாவின் காது மடல்கள் இப்போதே சிவந்துவிட்டன. முகத்துக்கு நேரே இன்னும் புகழ்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆகவே மீதியை அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம். ஐயா கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும்.

அவருடைய பணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வூதியத் தாளுக்காக அவருடைய மேசை முன்னால் இரண்டாவது முறை வந்து நின்ற தொழிலாளி ஒருவரும் கிடையாது. முதல் முறையே வேலை முடிந்துவிடும். மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுபோன வாரத்திலும் சம்பளம் தவறவில்லை. இதற்கெல்லாம் நன்றி சொன்னால் "அதுக்குத்தானப்பா சம்பளம்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அவர் முடிக்க விரும்பாத பேச்சு ஒன்றுதான். கோல்ஃப்.

கிளப்பின் ஒன்பது குழி மைதானத்தைக் கொழுந்து கிள்ளும் பெண்கள் பந்துமேடு என்பார்கள். 1971-இல் திங்கட்கிழமை மட்டும் அலுவலகப் பணியாளர்களும் ஆடலாம் என்று அனுமதி வந்தது. பலர் ஒரு முறை போனார்கள், கை வலித்தது, விட்டுவிட்டார்கள். ஐயா விடவில்லை. அடித்த பந்து மஞ்சுக்குள் மறைந்து, கண்ணுக்குத் தெரியாத எங்கோ ‘தொப்’பென்று விழும் சத்தம் அவருக்குப் போதும். மட்டையை ஊன்றிக்கொண்டு தனியே நின்று சிரிப்பார்.

தொலைவாக அடிப்பதில் அவருக்குக் குறையில்லை. குழியை நெருங்கினால்தான் வினை. ஒன்று மட்டை மண்ணைத் தோண்டும். இல்லையென்றால் பந்தின் தலையில் பட்டு, அது குழியைத் தாண்டி எதிர்ப்பக்க ஓடைக்குள் போய் விழும். நமது தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் சூசையப்பன் அப்போது சொன்னதை எல்லோரும் அறிவீர்கள்.

"இங்கேருந்து மலைக்குக் கீழ இருக்குற கம்பம் டவுனுக்கு அடிக்கச் சொல்லுங்க, அடிச்சிருவாரு. பத்தடியில கெடக்குற குழிக்குத்தான் மனுசன் பஸ் பிடிச்சுப் போகணும்."

ஐயாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஆட்டத்தை விடவும் மனமில்லை, பிறர் பார்க்க ஆடவும் துணிவில்லை. தொழிற்சாலைக்குப் பின்னால், விறகு அடுக்கிய இடத்துக்கு அப்பால் ஒரு சாக்கை விரித்துப்போட்டு, பந்தைத் தூக்கி அதன்மேல் விழவைக்கப் பழகினார். ஆள் அரவம் கேட்டால் மட்டையை விறகுக்குள் செருகிவிட்டுத் தேயிலைச் சாக்குக் கணக்குப் பார்ப்பவர்போல நிற்பார். பழகப் பழக ஒன்று பிடிபட்டது. குழியைப் பார்க்கக் கூடாது. பந்து முதலில் எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். மீதி தூரத்தைப் புல் பார்த்துக்கொள்ளும். மணிக்கட்டை உதறாமல், தோளை மட்டும் மெல்ல ஆட்டினால் போதும். அடுத்த ஆண்டுக்குள் பந்து அவர் சொன்ன இடத்தில் விழுந்து, சொன்ன பக்கம் உருண்டது. மனைவி ராமுத்தாய் அம்மாளிடம் வீட்டில் கரண்டியை வைத்துக்கொண்டு அதை விளக்குவாராம். பருப்பு அடிப்பிடித்த நாள்களும் உண்டாம்.

1974-இல் அதிகாரிகளும் பணியாளர்களும் சேர்ந்து ஆடும் கோப்பைப் போட்டி நடந்தது. கடைசிக் குழி வரைக்கும் ஐயாவும் உதவி மேனேஜர் குரியன் அவர்களும் சமமாக வந்தார்கள். ஐயாவின் பந்து குழியைச் சுற்றிய பசும்புல் ஓரத்தில், கிழிந்து கிடந்த மண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த மைதானத்துக்கென்றே ஒரு விதி உண்டு. காட்டுப்பன்றி கிளறிய பள்ளமானால் பந்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஆடலாம், தண்டனை இல்லை. லயத்து மாடு, அதாவது தோட்டக் குடியிருப்பில் வளர்க்கும் மாடு, கெடுத்த இடமானால் கிடந்தபடியே ஆட வேண்டும். மாடு கட்டிவைக்க வேண்டிய பொருள், பன்றி அப்படியில்லை என்பது அதன் நியாயம். அந்த விதியைத் தட்டச்சு செய்து கிளப் வாசலில் ஒட்டியவரே ஐயாதான்.

குனிந்து பார்த்தார். நீளமாகக் கிழிந்திருந்தது. "பன்றிதான் சார்" என்றார். குரியன் அவர்கள் தலையசைத்தார். ஐயா பந்தை எடுத்து வைத்து ஆடினார். அது புல்லில் ஒருமுறை குதித்து, வளைந்து, குழிக்குள் இறங்கியது. ஓர் அடி வித்தியாசத்தில் வெற்றி. பணியாளர் ஒருவர் அந்தக் கோப்பையை வாங்கியது அதுவே முதல் தடவை. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவேறினோம். வெற்றியாளர் பலகையில் பெயர் எழுதப் புதன்கிழமை பெயின்டர் வருவதாக ஏற்பாடு.

அன்று மாலை கோப்பையை வீட்டில் வைத்துவிட்டு, அந்த அடியை ஐயா மனைவியிடம் நடித்துக் காட்டினார். கிழிந்த மண்ணைப் பற்றிச் சொன்னபோது ராமுத்தாய் அம்மாள் விறகைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பன்னியா? என்னங்க, நேத்து நம்ம செவலை முளைக்குச்சியப் புடுங்கிட்டு அங்கிட்டுத்தான போச்சு. குச்சிய இழுத்துக்கிட்டே பந்துமேடு பூரா மேஞ்சிருக்கு. நாந்தான ஓட்டிட்டு வந்தேன்."

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருக்கேன். நீங்க இருப்பீகளா?"

அவரால் இருக்க முடியவில்லை. விடிந்ததும் மைதானத்துக்குப் போனார். கிழிசல் புல்லோரத்தில் தொடங்கிச் சரிவில் இறங்கி, ஒரு தேயிலைச் செடியின் தூரில் முடிந்தது. அங்கே அவருடைய கையால் செதுக்கிய முளைக்குச்சி அறுந்த கயிற்றோடு சிக்கிக் கிடந்தது. அதைப் பார்த்தபோது உடம்பு கூசியது என்று பின்னால் சொன்னார். திருடவில்லை. ஏமாற்றவும் நினைக்கவில்லை. ஆனால் பன்றி என்று கண்ணுக்குத் தோன்றியதா, கோப்பை ஆசைக்குத் தோன்றியதா என்பது அவருக்கே தெரியவில்லை.

செய்தி அலுவலகத்துக்கு வந்ததும் சூசையப்பன் அவருடைய மேசையை மறித்துக்கொண்டு நின்றார்.

"யோவ் பெரியமுத்து, மாடு என்ன கையெழுத்தா போட்டுட்டுப் போச்சு? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேய்யா."

"உம்ம கோப்பை மட்டுமா அது? எங்க மானத்தையும் சேத்துக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரப்போறீரா?"

ஐயா எழுந்தார். கோப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளப்புக்கு நடந்தார். அதிகாரிகள் தேநீர் அருந்திக்கொண்டிருந்த நேரம். நின்றபடியே சொன்னார். அதிகாரிகளில் ஒருவர், "அப்போ உங்க மாடுதான் நல்லா விளையாடியிருக்கு" என்றார். சிரிப்பு எழுந்தது. விதிப்படி ஐயாவின் கணக்கில் தண்டனையாக இரண்டு அடி கூட்டினார்கள். கோப்பை குரியன் அவர்களுக்குப் போயிற்று. பலகையிலும் அவர் பெயரே ஏறியது.

அதன்பின் ஐயா பந்துமேட்டுப் பாதையை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனார். அங்கேயும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் விடவில்லை. "பெரிய கிளார்க்கு ஐயா, மாட்டுக்கு மட்டை வாங்கியாச்சா?" என்று கேட்டார்கள். பணியாளர் அறையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. மட்டைகள் பரணுக்குப் போயின. திங்கட்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை ராமுத்தாய் அம்மாள் பரணில் ஏறி மட்டைகளை இறக்கினார்.

"புல்லக் கிழிச்சது செவலை. அதுவே வெக்கப்படாம மேயுது. உங்களுக்கு என்னங்க?"

"ஊரே சிரிக்குதே."

"சிரிக்கட்டும். நீங்க மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்குறதப் பாக்க எனக்குச் சகிக்கல. போயிட்டு வாங்க."

போனார். வெட்கம் போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டே போனார். பின்னர் அந்தக் கோப்பையை அவர் வெல்லவே இல்லை. ஆனால் பந்து குழியருகே நின்றால் முன்போலவே மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். ‘போயிட்டு வாங்க’ என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் வாய்த்தவர் அவர். அது சிறிய பேறு அல்ல.

இம்மடல் எழுதப்படுவதை அறிந்து போன வாரம் ஐயா ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "எதை வேணும்னாலும் எழுதுங்கப்பா. அந்தக் கோப்பை விசயத்தை மட்டும் வாசிச்சிராதீங்க." சரி என்றோம். வாக்குத் தவறிவிட்டோம். அவையோரே, இப்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காண்கிறீர்கள். அன்று கோப்பையோடு அவர் நடந்தபோது உடன் நடக்க எங்களில் ஒருவரும் எழவில்லை. தரையைப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஐயா, தலை நிமிர்த்துங்கள்.

சமவெளியில் தாங்கள் அமைக்கும் இல்லத்தில் நோய் அணுகாதிருக்க! நெடுநாள் வாழ்க! தாங்களும் ராமுத்தாய் அம்மாளும், ஒருவர் முன்னே மற்றவர் பின்னே என்றில்லாமல், சேர்ந்தே வாழ்க!

நாணத்துடனும் நன்றியுடனும்,
தோட்ட அலுவலகம் மற்றும் தொழிற்சாலைப் பணியாளர்கள்
1977, ஆவணி