வலது கைக்கு மட்டும்

பியானோவுக்கு ஈரக்காற்று ஆகாது. ஆற்றங்கரை ஊரில் இத்தனை வருஷம் அதை வைத்திருந்தது என் முட்டாள்தனம்தான். ஆனாலும் சத்தம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. உங்கள் ஓட்டலில் வரவேற்பறையில் வைத்தால் எடுப்பாக இருக்கும்.

கட்டைகளுக்கு மேலுள்ள மூடியை மட்டும் ஏன் கயிறு போட்டுச் சுவர் ஆணியோடு கட்டியிருக்கிறது என்று கேட்டீர்கள். குறையைச் சொல்லாமல் பொருளை விற்கக் கூடாது. சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த பிரெஞ்சுக்கார துரை கப்பலேறும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பியானோ இது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி வில்லியனூருக்குக் கொண்டுவந்தேன். கொஞ்ச நாளில் மூடியைக் கரையான் அரித்துவிட்டது. தச்சர் பக்கிரிசாமி, யாருடைய வீட்டுக் கதவுக்கோ வைத்திருந்த வேங்கைப் பலகையில் புது மூடி செய்து, விளிம்பில் இரும்புப் பட்டையும் அடித்துக் கொடுத்தார். இனிமேல் கரையான் வராது என்றார். வரவில்லை. ஆனால் பயங்கர கனம். திறந்தால் தானாக நிற்காது. அதற்காக இடது பக்கம் ஒரு கொண்டி வைத்து ஸ்க்ரூ போட்டார். கொண்டியை மாட்டிவிட்டுத்தான் வாசிக்க உட்கார வேண்டும். ஞாயிறுதோறும் அந்த ஸ்க்ரூவை நான் முறுக்கி வைப்பேன்.

நான் பெரிய வித்வான் இல்லை. துரையின் மனைவி பொழுது போகாமல் சொல்லிக்கொடுத்ததுதான் என் படிப்பு. எனக்கு வாய்த்த திறமை வேறு. ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் எழுதியதைச் சின்னக் கைகளுக்கு ஏற்றபடி இறக்கித் தருவேன். ஐந்து சுரம் சேர்ந்து வருகிற இடத்தில் இரண்டு போதும். எந்த இரண்டு என்று தெரிவதுதான் தொழில். கறுப்புக் கட்டைகள் நிறைய வந்தால் மொத்தத்தையும் வெள்ளைக் கட்டைகளுக்கு மாற்றிவிடுவேன். இடது கை எட்டாத தூரம் தாவுகிற இடங்களை அடியோடு எடுத்துவிடுவேன். மீனில் முள் எடுத்துக் குழந்தைக்கு ஊட்டுவோமே, அந்த மாதிரிதான். ஒன்றை இறக்கி முடிக்க எனக்கு ஒரு மாதம் பிடிக்கும். அவசரப்பட்டு நான் எதையும் செய்ததில்லை.

எடுத்த சுரங்கள் சில நாட்கள் காதிலேயே இருக்கும். குளிக்கும்போது கேட்கும், சாப்பிடும்போது கேட்கும். பிறகு போய்விடும்.

பக்கத்து ஊரான உறுவையாற்று மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளும் கடைத்தெருப் பிள்ளைகளும் என்னிடம் படித்தார்கள். பெண்ணுக்குப் பாரிஸ் மாப்பிள்ளை தேடுகிற வீடுகளில் பியானோ தெரியும் என்றால் ஒரு மதிப்பு. பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, சூசைநாதன் சார் எவ்வளவு பெரிய பாட்டெல்லாம் சொல்லித்தருகிறார் என்று பெற்றவர்கள் பூரித்துப்போவார்கள். மூலத்தை வாசிக்க என் கைக்கே வராது என்பது யாருக்கும் தெரியாது. மூலத்தைக் கேட்டவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை.

வசந்தா உரக்கடை சண்முகசுந்தரத்தின் மகள். சின்னப் பிள்ளையாக வந்தவள். விரல்கள் குட்டை, ஆனால் காது கூர்மை. என் வேலைக்கு வேண்டிய தாள்களில் ஐந்தைந்தாகக் கோடு போட்டுத் தருவது அவள்தான். அப்படி நேராகக் கோடு போட வேறு யாராலும் முடியாது. என் பிள்ளை மாதிரி நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவளுக்குப் பதினேழு நடக்கும்போது பாண்டிச்சேரியில் அத்தை வீட்டுக்குப் போனாள். அங்கே கிராமபோனில் ஒரு பாட்டு கேட்டிருக்கிறாள். போலந்துக்காரர் ஒருவர் எழுதியது. என்னிடம் இரண்டு வருஷமாக அவள் வாசித்துக்கொண்டிருந்த பாட்டு. திரும்பி வந்ததும் நேராக இங்கேதான் வந்தாள்.

“சார், பிளேட்ல கேட்டன். நீங்க சொல்லிக் குடுத்தது அதுல பாதிகூட இல்ல. மீதி எங்க சார்?”

உன் கைக்கு வேண்டாம் என்று எடுத்துவிட்டேன் என்றேன். அவள் தன் கைகளை விரித்துப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

சென்னையிலிருந்து மூலத்தின் அச்சுத் தாளை வரவழைத்தாள். நான் வெளியே போகிற மதியங்களில் வந்து வாசித்துப் பழகினாள். வீட்டுச் சாவி எப்போதும் அவளிடம் ஒன்று இருந்தது. சித்திரை பிறந்ததும் சென்னையில் ஒரு பெரிய ஆசிரியரிடம் சேர்த்துவிடப் போவதாக அவள் அப்பா சொன்னார். சந்தோஷம் என்றேன்.

ஒருநாள் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது என் வீட்டு ஜன்னலில் அது கேட்டது. நான் எடுத்துப்போட்ட சுரங்கள் எல்லாம், ஒன்று விடாமல், என் வீட்டுக்குள்ளேயே கேட்டன. பொறாமை வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, பயம்தான் வந்தது. நான் புதைத்தவை எல்லாம் எழுந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவள் சென்னைக்குப் போவாள். இதுவரை என்ன வாசித்தாய் என்று அந்த ஆசிரியர் கேட்பார். என் தாள்களை எடுத்துக் காட்டுவாள். அவர் சிரிப்பார், அதைப் பார்த்து அவளும் சிரிப்பாள்.

அன்று உள்ளே போய் நின்றபோதுதான் கொண்டியைக் கவனித்தேன். பாட்டின் நடுவில் ஒரு இடம் வரும். வலது கையை எடுத்து மடியில் வைத்துவிட வேண்டும். இடது கை மட்டும் கடைசிக் கட்டைகளுக்கு இறங்கி ஓங்கி ஓங்கி அடிக்கும். பியானோ முழுக்க அதிரும். அந்த அதிர்வில் கொண்டி ஆடிற்று. என் தாளில் அந்த இடமே கிடையாது. என் தாளை வாசிக்கிற வரைக்கும் இந்தப் பியானோவால் யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவள் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. அந்த இடத்தில் கொண்டி கழன்று மூடி விழுந்தது. வலது கை மடியில் இருந்ததால் தப்பித்தது. இடது கை விரல்கள் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டன. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முடிந்ததைச் செய்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் விரல்கள் திரும்ப விரியவில்லை.

தற்செயல் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் வைத்திருந்தேன். அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்க்ரூவை முறுக்கவில்லை, அவ்வளவுதானே என்று. கேட்டுவிட்டீர்கள், சரியாகச் சொல்கிறேன். அன்று காலை அதை இரண்டு சுற்று தளர்த்தினேன். போவதற்கு முன்னால் மூலத்தை ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டு அம்மா என்று கேட்டதும் நான்தான். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நான் கேட்க மாட்டேனா என்று எத்தனை நாள் காத்திருந்தாளோ.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறும் கையோடு போக மனசில்லாமல் அவளுக்காக இறக்கிய பாட்டைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தேன். அதே பாட்டு, வலது கைக்கு மட்டும். நான் செய்ததிலேயே அழகான வேலை அது. இடது கை இல்லை என்றே கேட்பவருக்குத் தெரியாது.

வசந்தா தாளை வெகுநேரம் பார்த்தாள்.

“எப்ப சார் எழுதுனீங்க?”

நேற்று ராத்திரி என்றேன்.

“ஒரே ராத்திரிலயா சார்?” என்றாள். பிறகு தாளின் கோடுகளின் மேல் வலது கை விரலை மெல்ல ஓட்டினாள். போன மாதம் அவளே போட்டுக்கொடுத்த கோடுகள்.

அவள் அப்பா வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அவ கைதான் போச்சு சார். நீங்க அவள வுடல” என்றார். அது உண்மைதான். நான் அவளை விடவில்லை.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. சென்னைப் பேச்சு நின்றது, அவளுக்குப் பார்த்துக்கொண்டிருந்த பாரிஸ் வரனும் நின்றுபோனது. இப்போது உரக்கடையில் அப்பாவுக்கு உதவியாக உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் கட்டுப் பிரித்த வாரமே இங்கே வந்தாள், கடையிலிருந்து ஒரு கயிற்றோடு. மூடியைத் தோளால் முட்டி நிறுத்தி, ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டாள். நான் உதவிக்குப் போனபோது, “நீங்க உக்காருங்க சார்” என்றாள். நீங்கள் கேட்ட கயிறு அதுதான்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் வருகிறாள். அந்தப் பாட்டை வாசிக்கிறாள். நான் எழுதியதை அல்ல. மூலத்தின் வலது கையை மட்டும், எழுதியது எழுதியபடி. அந்த இடம் வந்ததும் வலது கையை எடுத்து மடியில், மூடிக்கிடக்கும் இடது கையின் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். இடது கை வாசிக்க வேண்டிய நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள். வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. எனக்கு மட்டும் கடைசிக் கட்டைகள் ஓங்கி ஓங்கிக் கேட்கின்றன. முன்பெல்லாம் சில நாளில் போய்விடும் என்றேனே, இவை போகவில்லை. வியாழன் போய் வெள்ளி வந்தாலும் கேட்கின்றன. இப்போது நாம் பேசும்போதும் கேட்கின்றன.

பிள்ளைகளால் தாங்க முடியாததை எடுத்துவிடுவதுதான் என் வேலை. மற்றவர்களுக்குச் சுரத்தை எடுத்தேன். இவளுக்குக் கையை எடுத்தேன். இதை இவ்வளவு தெளிவாக இன்றுதான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

வண்டியைப் புதன்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். வியாழக்கிழமை அவள் வரும்போது பியானோ இருக்காது. அதற்கப்புறம் அவள் எதையும் வாசித்துக் கஷ்டப்பட வேண்டியதில்லை. அவளுக்கு அதுதான் சுலபம்.