அட்டையில் நின்ற பெயர்

கற்பிக்கும் கனிவும் கண்டிக்கும் துணிவும் கலந்த எங்கள் துறைத் தலைவரே! கடைக்கோடித் தீவுப் பிள்ளைக்கும் கையில் நூல் கிடைக்கக் கனவு கண்டவரே! பிஜித் தலைநகர் சுவாவின் அடைமழையிலும் சோராத செரெயானா அக்கா! பணி நிறைவு பெறும் உங்களுக்குச் சக ஆசிரியர்கள் அன்புடன் அளிக்கும் மடல் இது; அவர்களுக்காக எழுதுபவள் நான், லோசேனா.

நம் மாணவர் படித்த கடல் உயிரியல் நூல்களில் பனிக்கடல் மீன்களே நீந்தின. அவற்றையும் வாங்க முடியாதவர்கள் நூலகத்தின் ஒரே பிரதிக்காகக் காத்துக் கிடந்தார்கள். "நம்ம மீனை நம்ம பிள்ளைங்களுக்கு நாமே எழுதி, சும்மா கொடுத்தா என்ன?" என்றீர்கள். உங்களோடு எழுத அமர்ந்தவர் என் கணவர் விலிகேசா. கடைசி அத்தியாயத்தை மருத்துவமனைக் கட்டிலில் முடித்தார். முடிந்த நூலைப் பார்க்காமலே இறந்துபோனார்.

வகுப்புகள் தொடங்க ஒரு வாரம் இருக்கையில், அவர் அத்தியாயங்களின் மீன், நண்டுப் படங்கள் ஒரு பதிப்பகத்துக்குச் சொந்தமானவை என்று நூலகத்தார் கண்டுபிடித்தார்கள். பிறகு நாமே வரைந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் இடம் நிரப்ப வைத்த படங்கள் அவை. அந்தப் 'பிறகு' அவருக்கு வாய்க்கவில்லை.

"திருட்டுப் படம் போட்டவர் பேரு நம்ம அட்டையில எதுக்கு? எடுத்துடுங்க. செத்தவருக்கு என்ன தெரியப்போகுது?" என்றார் வெளியீட்டுக் குழுத் தலைவர். நான் அங்கேதான் இருந்தேன்.

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே ஐயா! எழுத்தை வெச்சுக்கிட்டு பேரைத் தள்ளினா, அதுதான் திருட்டு. வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க. அதுக்கப்புறமும் அடுத்தவங்க படம் ஒண்ணு இருந்தா, என் பேரையும் சேர்த்து எடுங்க," என்றீர்கள்.

மறுநாள் படம் வரையத் துறையே மீன் சந்தையில் நின்றது. நம் ஆசிரியர் அப்பிசாய் வரைந்ததை எட்டிப் பார்த்த மீன்காரி, "என்ன வாத்தியாரே, என் மீனுக்கு அம்மை போட்டிருக்கா? இதைப் பார்த்தா எவன் வாங்குவான்?" என்றாள். "நீ ஆட்டாம புடி தாயி, செத்தும் முறைக்குது!" என்றார் அவர். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை குழுத் தலைவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு நண்டின்மேல் விரல் வைத்தார். "இது எங்கேருந்து எடுத்தது?"

நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"நான் வரைஞ்சது. இவ்வளவு கோணலா வேற யாரு வரைவா?"

அவர் அட்டைக்குத் திரும்பினார். இரண்டு பெயர்களையும் நெடுநேரம் பார்த்தார். "சரி, வெளியிடுங்க," என்றார்.

அக்கா, சென்ற வாரம் அண்டைத் தீவு நாடான டோங்காவில் ஓர் ஆசிரியர் நம் நூலைத் தம் மாணவருக்காகத் தம் மொழியில் ஆக்கி வெளியிட்டிருக்கிறார். மீன்களின் பெயரெல்லாம் மாறியிருக்கிறது. அட்டையில் உங்கள் பெயருக்குக் கீழே என் கணவரின் பெயர் அப்படியே இருக்கிறது.

நோயறியா உடலும் நிறைவறிந்த உள்ளமும் பெற்று நீங்கள் நெடுங்காலம் வாழ்க!

கடல் உயிரியல் துறை ஆசிரியர்கள்,
அவர்களுக்காக எழுதியவள்: லோசேனா விலிகேசா