எளிதாக வாசிக்கத்தக்க பியானோவுடன்

பியானோவின் மேல் டீ டம்ளரை வைக்க வேண்டாம் என்று இந்த அறைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வது என் வழக்கம். உங்களிடம் சொல்லவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம் முதல் வார்த்தையே அப்படி இருந்தால் நன்றாக இருக்காது. கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் போதும், ஐயா. கறை விழுந்தால் போகாது.

நீங்கள் கொண்டுவந்திருக்கும் தாள்களில் இருப்பது என் கையெழுத்துதான். நாற்பத்திரண்டு பக்கம், ஒரு அடித்தல் கிடையாது. முதல் பக்கத்தில் ‘கிளாரினெட்டுக்காக, எளிதாக வாசிக்கத்தக்க பியானோவுடன்’ என்று இருக்கிறதே, அதையும் நான்தான் எழுதினேன். அதில் பொய் இல்லை. பியானோ எளிதாகத்தான் இருந்தது.

உங்களுக்குச் சங்கீதம் தெரியாது என்றீர்கள். நல்லதுதான். தெரிந்தவர்கள் நடுவில் பேசிக்கொண்டே இருப்பார்கள். கான்செர்ட்டோ என்பது ஒருவர் முன்னால் நின்று வாசிக்க, அறுபது பேர் பின்னால் உட்கார்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி. இது வயலினுக்கு எழுதியது. என் தம்பி கிளாரினெட் வாசிப்பவன். நகரத்து வாத்தியக் குழுவில் முதல் கிளாரினெட்டின் நாற்காலி காலியானது. அதற்கு வருகிறவர்கள் ஒரு முழு கான்செர்ட்டோவைப் பியானோ துணையோடு வாசித்துக் காட்ட வேண்டும். தம்பிக்கு இந்த வயலின் உருப்படியின் மேல் வெகுநாள் ஆசை.

“அண்ணா, நீ மாத்திக் குடுத்தா நான் இதையே வாசிச்சிருவேன். உன்னை விட்டா இதை யாரு செய்வா?” என்றான்.

அவன் எப்போதும் அப்படித்தான் கேட்பான். மறுக்க இடமே வைக்க மாட்டான்.

இருபத்தாறு வருஷம் அவன் நின்றுகொண்டும் நான் உட்கார்ந்துகொண்டும் வாசித்தோம். அவன்மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறை சொல்ல எதுவும் இல்லாததுதான் தொந்தரவு. கைதட்டல் எழுந்தவுடன் என்னிடம் ஓடி வருவான். பஸ்ஸில் கிழவரை எழுப்பி இறக்கிவிடுவதுபோல என் முழங்கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டத்துக்குக் காட்டுவான். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. எனக்கு இடுப்பு வலி என்று கேள்விப்பட்டு ஒரு மெத்தை வாங்கி, மேடையிலேயே, எல்லாரும் பார்க்க என் ஸ்டூலில் போட்டான். கூட்டம் அதற்கும் கைதட்டியது. எனக்குச் சேர வேண்டிய கைதட்டலில் பெரிய பங்கு அந்த மெத்தைக்குத்தான் கிடைத்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய ஒரு பக்க நுரையீரல் காற்றிறங்கிச் சுருங்கிவிட்டது. பஞ்சர் ஆன டியூப் மாதிரி என்று டாக்டர் சொன்னார். சரிசெய்தார்கள். வாசிக்கலாம், ஆனால் ஒரே மூச்சில் இருபது நொடிக்கு மேல் ஊதக் கூடாது, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறையாவது வாத்தியத்தை இறக்கிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும், இன்னொரு தடவை கிழிந்தால் தாங்காது என்று எழுதிக் கொடுத்தார். நான் இந்த வேலையை ஆரம்பித்த வாரம், தம்பி மனைவி அந்தத் தாளை நகலெடுத்துக்கொண்டு வந்தாள்.

“மாமா, அவரு முடியலன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. அதுவும் உங்ககிட்ட சொல்லவே மாட்டாரு. நீங்கதான் பாத்து எழுதணும்.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துத்தான் எழுதினேன். எழுதின இரண்டு மாதமும் டாக்டரின் தாள் இந்த மேஜைமேல் என் கண்ணெதிரே இருந்தது. அது இல்லாவிட்டால் எனக்கு அளவு தெரிந்திருக்காது.

வயலினுக்கு மூச்சு வேண்டாம். வில் போகும், வரும், போகும். அதை ஊதுகிறவனுக்கு மாற்றி எழுதும்போது நீள வரிகளை நறுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வயலின்காரர் நடுநடுவே வில்லை இறக்கிவிட்டு நிற்பார். அந்த அறுபது பேரும் சேர்ந்து முழங்குவார்கள். அத்தனை பேரின் சத்தத்தைப் பத்து விரலுக்குள் அடக்குவது பெரும்பாடு. இந்த வேலை செய்கிற யாரும் அந்த இடத்தில் பியானோவின் பாரத்தைக் குறைப்பார்கள். நானும் குறைத்தேன். அங்கே இருந்த இசையை எடுத்துக் கிளாரினெட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் சும்மா நிற்க வேண்டிய இடங்கள் பதினொன்று. ஒன்பதை இப்படி நிரப்பினேன். எல்லாவற்றையும் உனக்கே விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது அவன் கண் கலங்கியது. எனக்கென்று நல்ல வரி ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லையே என்று வருத்தப்பட்டான்.

மூச்சுக்குறி என்று ஒன்று இருக்கிறது. வரிக்கு மேலே சின்னக் காற்புள்ளி மாதிரி போடுவது. அதில் நான் கஞ்சத்தனம் காட்டவில்லை. தம்பி மனைவிக்கு இசை படிக்கத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். விரல் வைத்து எண்ணி, இருநூற்றுப் பதினான்கு என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாள். குறி இருந்ததே தவிர, மூச்சிழுக்க நேரம் இருக்கவில்லை. பியானோ அங்கங்கே நின்று கொடுத்தால்தான் நேரம் கிடைக்கும். நின்று கொடுப்பதா வேண்டாமா என்பது பியானோக்காரன் இஷ்டம்.

ஒத்திகையில் எல்லா இடத்திலும் நின்று கொடுத்தேன். அவன் பழகிக்கொண்டான். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், அதற்குமேல் வேண்டாம், மூச்சை மேடைக்கு மிச்சம் வை என்று நானே சொன்னேன். அக்கறையான யோசனை என்று தம்பி மனைவிக்கு அதில் ஒரே நிம்மதி. தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பக்கத்தையும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. கடைசி வாரம் ஒரே ஒருமுறை கேட்டான்.

“முழுசா ஒரு தடவை போய்ப் பாத்துரலாமா அண்ணா?”

“ஏன், என் எழுத்துமேல நம்பிக்கை இல்லையா?”

அவன் முகம் சுருங்கிவிட்டது. என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். மறுநாள் வரும்போது எனக்கு இருமல் மிட்டாய் வாங்கி வந்தான். முந்தின நாள் நான் இரண்டு தரம் இருமினேனாம். எனக்கே அது நினைவில்லை.

அந்த மிட்டாய் வாயில் கரைந்துகொண்டிருந்தபோது, எடுத்த ஓய்வுகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு மத்தியானத்து வேலைதான். ஆனால் பிரதியைப் பார்த்தீர்கள் அல்லவா, எவ்வளவு சுத்தம். அதில் கைவைத்துக் கறையாக்க மனம் வரவில்லை.

தேர்வு நாளன்று மதியம் ஏழு பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார்கள். தம்பி அதற்கு முன் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு நாதம். நான் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. இரண்டாம் பகுதியில் அவன் உதடு வெளுத்தது. மூன்றாம் பகுதியில் வாத்தியத்தின் முனையை லேசாகத் தூக்கிக் காட்டினான். ‘கொஞ்சம் இரு’ என்று அர்த்தம். எங்களுக்குள் பழைய சைகை. நான்கு தரம் காட்டினான். நான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் உங்களுக்கும் வேலை குறையும். ஆனால் கவனித்தேன். ஒவ்வொரு தரமும் இரண்டு நொடி போதும். நான் தாளம் பிசகாமல் போனேன். என்னைத் தனியாக விட்டுவிடக் கூடாதே என்று அவன் பின்னாலேயே ஓடி வந்தான். முடிய நான்கு வரி இருக்கும்போது வாத்தியத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மீதி நான்கு வரியை நான் வாசித்து முடித்தேன். பியானோ கடிகாரம் மாதிரி இருந்தது என்று மேஜைக்குப் பின்னால் ஒருவர் பிறகு சொன்னாராம். இத்தனை வருஷத்தில் முதல் பாராட்டு.

உங்களிடம் இந்தத் தாள்களைக் கொண்டுவந்தவர் அதே குழுவில் இரண்டாம் கிளாரினெட். ‘புயல்’ என்று கூப்பிடுவார்கள். மூன்று மாடி ஏறிக்கொண்டே ஊதக்கூடிய மனிதர். தம்பியின் நினைவாக வாசிக்கலாம் என்று எடுத்து, இரண்டாம் பகுதியிலேயே தலைசுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். மனுஷன் மூச்சு விடுவான் என்பது இதை எழுதினவனுக்குத் தெரியாதா என்று கேட்டாராம். தெரியும், ஐயா. ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு காற்று செலவாகும், எவ்வளவு திரும்பி வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் எழுதினேன். கடைசிப் பக்கத்துக்கு அவன் வர மாட்டான் என்பது எழுதும்போதே தெரியும். கொலை என்கிற வார்த்தை எனக்குக் கொஞ்சம் பெரிதாகப் படுகிறது. நீங்கள் உங்கள் வழக்கப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலை. அறை குளிராக இருந்தது. தம்பி மனைவி தன் சால்வையை எடுத்து என்மேல் போர்த்திவிட்டு, டாக்டரைக் கூப்பிடப் போயிருந்தாள். தம்பி கண்ணைத் திறந்தான். மூக்குமேல் இருந்த மூடியைத் தானே விலக்கிக்கொண்டு பேசினான். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினான்.

“அண்ணா, உன் உழைப்பை... நான் கெடுத்துட்டேன். மன்னிச்சிரு அண்ணா.”

சட்டென்று மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு வேலை அது, கடைசி நான்கு வரியை வாசிக்காமல் விட்டுவிட்டானே என்று மனசில் இருந்தது. ஆனால் அந்த நிலைமையில் கிடப்பவனிடம் நாம் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.